பாலத்தில் தொடங்கி அரிச்சல்முனை வரை

மண்ணூர்,
16 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் பேசியது பாதியிலேயே நின்றுவிட்டது. நீ ஐஸ் ஏற்றப் போகணும் என்றாய், எனக்கு பி ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் நாலு வரி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. அந்தச் செக்போஸ்ட் சமாச்சாரம் வரும் இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்.

"அரிச்சல்முனையில் மாரத்தானை ஆரம்பித்து நம்ம வீட்டு வாசல் வழியாகப் பாலத்தில் முடி. அம்மா பார்க்கும், ஊரும் பார்க்கும்" என்றாய். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் மூணு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தும் சரிப்படவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் இருட்டில் யாரையும் விடமாட்டார்கள் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். காலை ஆறு மணி வாக்கில் செக்போஸ்ட் திறந்து, அங்கிருந்து வண்டியில் முனைக்குப் போய் நான் கிளம்புவதற்குள் ஆறரை தாண்டிவிடும். நம்ம வீட்டுக்கு வரும்போது பத்தரை, பாலத்தை ஏறி முடிக்கும்போது பன்னிரண்டை நெருங்கும். அந்த நேரத்தில் ராமேஸ்வரம் ரோட்டில் டூரிஸ்ட் வேனுக்கு நடுவில் யாராவது ஓட முடியுமா? மேலே வெயில், கீழே தார். அப்படி ஒரு கோலத்தில் ஊர் என்னைப் பார்க்க வேண்டாம்.

திருப்பிப் போட்டுப் பார். பாலத்தின் மண்டபம் முனையில் ராத்திரி ரெண்டேகாலுக்குக் கிளம்புகிறேன். பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், பேய்க்கரும்பு, ராமேஸ்வரம் எல்லாம் இருட்டிலேயே கடந்துபோகும். செக்போஸ்ட் திறக்கிற நேரத்துக்கு அங்கே நிற்பேன். முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப்பக்கம் நிழலே இல்லாத அந்த ஒன்பதரை கிலோமீட்டரும் சூரியன் எழும்பி மேலே வருவதற்குள் முடிந்துவிடும். ஏழரை, மிஞ்சினால் எட்டு மணிக்கு முனையில் நிற்கிற அசோகர் தூணைத் தொட்டுவிடுவேன்.

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஒரு ஓட்டம், 1921லிருந்து நடக்கிறது. எண்பது கிலோமீட்டருக்கும் மேலே. ஒரு வருஷம் கடற்கரை ஊரான டர்பனிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறுவார்கள், அடுத்த வருஷம் அங்கிருந்து டர்பனுக்கு இறங்குவார்கள். ரோடு ஒன்றுதான், ஆனால் ரெண்டும் வேறு வேறு ஓட்டம் என்று ஓடியவர்கள் சொல்கிறார்கள். நமக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பாலத்தில் வளைந்து ஏறுவதுதான் மலை. திசையை முடிவு செய்ய நம்மிடம் இருப்பது செக்போஸ்ட்டும் வெயிலும்தான். ரெண்டும் ஒரே பக்கம் கையைக் காட்டுகின்றன. அதனால் இதில் இனிமேல் பேச்சு இல்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பாலத்திலிருந்து நம்ம வீட்டுத் தெரு முனைக்கு மூணு, மூணேகாலுக்கு வந்துவிடுவேன். அம்மா அங்கே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியோடு நிற்கட்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ராத்திரியே வடித்து ஆறவைத்தது. நான் நிற்கமாட்டேன், நடந்துகொண்டே ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போய்விடுவேன், அழக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வை. முடிகிற இடத்தில் அப்பா நிற்கட்டும். அவருக்கு முனையும் பிடிக்கும், பேசாமல் நிற்கவும் தெரியும்.

தூரத்தைப் பற்றி. மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இங்கே உட்கார்ந்து மேப்பில் இழுத்துப் பார்த்தால் மண்டபம் முனையிலிருந்து அரிச்சல்முனைக்கு முப்பத்தாறு சொச்சம்தான் வருகிறது. நம்ம தீவு ஒரு மாரத்தானுக்கு ஆறு கிலோமீட்டர் குட்டை. தனுஷ்கோடியில் அங்குமிங்கும் ஓடி அதை நிரப்பலாம், ஆனால் அது மணலில் கால் புதைகிற வேலை. அதனால் ராமேஸ்வரத்துக்குள் நுழைந்ததும் கந்தமாதன பர்வதத்துக்குப் போய் வந்துவிடுவேன். தீவிலேயே உயரமான மேடு அதுதான். போகவர அந்தப் பாக்கி ஏறக்குறைய சரியாகிவிடும். மாதா கோயில் பிள்ளை அங்கே இருக்கிற ராமர் பாதத்தைத் தொட்டுவிட்டு ஓடுகிறது என்று நம்ம சித்தப்பா கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். அந்த நேரத்தில் மேலே கதவு பூட்டித்தான் இருக்கும், படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பினால் போதும்.

நாளைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. உனக்கு ஓய்வு என்றால் மீன்பிடித் தடைக்காலம்தான், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அப்போது நீ முழுசாக எனக்குக் கிடைப்பாய், ஆனால் நான் ரோட்டில் வெந்துபோவேன். அதற்குப் பிறகு தெக்கத்திக் காற்று. ஆடி மாதம் தனுஷ்கோடி ரோட்டில் மணல் பாய்ந்து வந்து கெண்டைக்காலில் ஊசி குத்துவதுபோல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். போன வருஷம் நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, நம்ம தெருவில் முழங்கால் தண்ணி நின்றது ஞாபகம் இருக்கும். ஆக மிச்சம் தை மட்டும்தான். தையிலும் ஜனவரி 18 தை அமாவாசை, ராமேஸ்வரமே அக்னி தீர்த்தத்தில் நிற்கும். மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, நீ போகாமல் இருக்கமாட்டாய். ரெண்டுக்கும் நடுவில் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசம், முழு நிலா. ரெண்டேகால் மணிக்கு நிலா எனக்குப் பின்னால் மேற்கே இருக்கும், விடியும் வரைக்கும் வெளிச்சம் தரும். நிலா காலத்தில் மீன்பாடு கம்மி என்று நீயே புலம்புவாய். அன்றைக்குக் கடலுக்கு டோக்கன் போடாதே. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்போது வாடைக் காற்று இருக்கும். ரோடு தெற்கும் கிழக்குமாக வளைந்து போவதால் இடது தோளில்தான் அடிக்கும், முகத்தில் அறையாது. தை மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி எழும்பும், அதாவது கடைசி ஒன்பது கிலோமீட்டர் நேராகக் கண்ணுக்குள்தான். உன் தொப்பிகளில் முன்விளிம்பு நீளமாக இருக்கிறதே, அந்த நீலத்தை எடுத்து வை. துவைத்து.

பாலத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். 1988இல் திறந்த ரோட்டுப் பாலம், ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேலே நீளம். பகலில் ஃபோட்டோ எடுக்கிற கூட்டம், ராத்திரியில் மீன் லாரி. ஓரத்தில் நடைபாதை இருக்கிறது, ஆனால் இருட்டில் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாது. நீ ஒருநாள் சாயந்தரம் நடந்து பார்த்துச் சொல். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஐம்பத்திரண்டு கிலோ மனுஷிக்கு அவ்வளவுகூட வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியிருந்தால்கூட ஓட்டம் கிடையாது. நான் அடம்பிடித்தாலும் நீ விடாதே.

உனக்கு இந்த ஊரில் என் ஓட்டம் எப்படி என்று தெரியாது. மண்ணூரில் எங்கள் ரூம் இருக்கிற தெருவுக்குப் பின்னாலேயே ஏரிக்கரை. மெயின் ரோட்டுக்குப் போனால் டிரெய்லர் லாரி, புதுக் காரை அடுக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும், அதன் காற்றே ஆளை ஓரத்தில் தள்ளிவிடும். ஷிஃப்ட் பஸ்களும் அப்படித்தான், ஒரகடத்துக்கு ஒன்று, சுங்குவார்சத்திரத்துக்கு ஒன்று என்று எல்லாக் கம்பெனிப் பஸ்ஸும் ஒரே நேரத்தில் பறக்கும். அதனால் ஏரிக்கரையில் முன்னும் பின்னும்தான். ரூமில் இருக்கும் திண்டுக்கல் பெண் சைக்கிளில் கூட வருவாள், அவளுக்கு நாயைக் கண்டால் பயம் இல்லை, எனக்கு அதுவே பெரிய துணை. வார லீவில் நீள ஓட்டம். இந்த ஜனவரியில் சென்னை மாரத்தானில் இருபது மைல் பிரிவு, அதாவது 32 கிலோமீட்டர் ஓடினேனே, நேப்பியர் பாலத்தில் ஆரம்பித்தது. அதற்கு மேல் ஓடினதில்லை. கடைசிப் பத்து கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் வருகிறேன். அந்தப் பத்தும் நம்ம தீவிலேயே ரொம்ப வெறிச்சோடிய இடத்தில் விழுகிறது.

கால் பற்றிக் கவலை இல்லை. லைனில் எட்டு மணி நேரம் நின்று நின்று கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. கவலை உடம்புச் சூடு பற்றி. நாங்கள் வேலை பார்க்கிற ஹால் முழுக்க ஏசி. மேலே கோட்டு, தலைக்கு வலை, வேர்வை என்றால் என்ன என்றே உடம்பு மறந்துபோயிருக்கிறது. இங்கே தை விடியலில் பனி இறங்கும், குளிர்ந்த காற்றில் ஓடுவது சுகமாக இருக்கும். நம்ம ஊரில் சுற்றிலும் கடல், ராத்திரிக்கும் பகலுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டு மணிக்கும் பிசுபிசுப்பு போகாது. காற்றில் ஈரம் இருந்தால் வேர்வை வழியுமே தவிரக் காயாது, காயாவிட்டால் உடம்பு ஆறாது. சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து நாள், ரெண்டு வாரம் வேண்டுமாம். பழகிவிட்டால் சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், வேர்வையில் உப்பும் குறைவாகப் போகும். தீவில் பிறந்தவள் தீவுக்குப் பழக ரெண்டு வாரம் கேட்கிறாள் என்று சிரிக்காதே. ஊரை விட்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது.

அதனால் பொங்கலுக்கு வரமாட்டேன். அந்த நாட்களில் வேலைக்குப் போய் காம்ப் ஆஃப் சேர்த்து, அதோடு இருக்கிற லீவையும் போட்டு ஜனவரி 20 வாக்கில் வந்துவிடுகிறேன். சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டாகிவிட்டது, எழுத்தில் இன்னும் வாங்கவில்லை. தாம்பரத்திலிருந்து நேராக ராமேஸ்வரத்துக்கு ஒரு ரயில் விட்டிருக்கிறார்களே, ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது ஆரம்பித்தது, அதில் டிக்கெட் பார்க்கிறேன். வந்த பிறகு தினமும் மத்தியானம் நாலு மணிக்கு மெதுவாக ஓடுவேன். அம்மா "பொம்பளப் புள்ள வெயில்ல கறுத்துப்போகும்" என்று ஆரம்பிக்கும். நீ குறுக்கே பேசிச் சமாளி.

இனி உன் வேலை. பைக்கில் நீ எனக்குப் பின்னால் வரவேண்டும், பக்கத்தில் வேண்டாம், புகை தாங்காது. ஹெட்லைட் என் காலுக்கு முன்னால் விழணும். நான் ரோட்டின் வலது ஓரத்தில், எதிரே வருகிற லாரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடுவேன். ராமேஸ்வரத்திலிருந்து மீன் வண்டி கிளம்புகிற நேரம் அது, உனக்குத் தெரிந்த டிரைவர்களிடம் முதல் நாளே சொல்லி வை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கலந்த தண்ணி ஒரு கேனில், வெறும் தண்ணி இன்னொரு கேனில். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், கூடக்குறைய வேண்டாம். நான் கேட்டால் கொடு, கேட்காமல் திணிக்காதே. வெறும் தண்ணியை வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தாகத்தைவிட அது பெரிய ஆபத்தாகிவிடும். நீள ஓட்டத்தில் செத்துப்போனவர்களே உண்டு. கருப்பட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து வை, அது போதும். கடையில் விற்கிற ஜெல் ஒன்று வாங்கிப் பார்த்தேன், விலையும் அதிகம், ஏரிக்கரையிலேயே குமட்டியது. வாஸ்லின் டப்பா, மாற்றுச் சாக்ஸ் ரெண்டு ஜோடி, ஒரு பழைய வேட்டி.

வேட்டி எதற்கு என்றால் இதற்கு. நடுவில் எங்கேயாவது எனக்கு வேர்ப்பது நின்றாலோ, தள்ளாடினாலோ, கோணலாகப் பேசினாலோ, நம்ம போட் நம்பரைக் கேள். தப்பாகச் சொன்னால் ஓட்டம் முடிந்தது, என்னிடம் வாதாடாதே. உட்காரவைத்து, வேட்டியை ஐஸ் தண்ணியில் நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை எல்லாம் போர்த்து. முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ஐஸுக்கு உனக்குப் பஞ்சமா? பெட்டி ஒன்றை மச்சானுடைய ஆட்டோவில் போட்டு முகுந்தராயர் சத்திரத்துக்குக் கொண்டுவரச் சொல். ஆட்டோ வந்தால் எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம்ம வீடு, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு, அதைவிட்டால் பொம்பளை ஒதுங்க இடமே இல்லை. உன் அண்ணியையும் அந்த ஆட்டோவில் வரச் சொல், மீதியை அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிடு. போன தடவை யாரோ ஒருவனுக்கு வந்த பில்லைப் பற்றி நீயே சொன்னாய்.

இது எதற்கு என்று அப்பா கேட்டாராம். நீ "அக்காவுக்குப் பைத்தியம்" என்று சொன்னாயாம். அவருக்கு இதைச் சொல். மிஹிர் சென் 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். குற்றாலீஸ்வரன் 1994இல் சின்னப் பையனாக இருக்கும்போதே நீந்தினான், அப்பாவே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கடலைத் தாண்டி நம்ம தீவுக்கு வருகிறார்கள். தீவில் இருக்கிற நாம் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நம்ம காலால் போனதுண்டா? முன்னே போகவும் வழி இல்லை. முனை வரைக்கும் ரோடு வந்ததே 2017இல்தான், அதற்கு முன்னால் சேற்றிலும் மணலிலும் வேன் குலுக்கிக்கொண்டுதான் போகும்.

அப்பத்தா அந்தப் பக்கத்து ஆள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ரயிலையே கடல் கொண்டுபோனது, அடுத்து அரசாங்கம் தனுஷ்கோடி மனிதர் வாழ லாயக்கில்லாத இடம் என்று அறிவித்தது, அவர்கள் தங்கச்சிமடத்துக்கு வந்து குடிசை போட்டார்கள். சாகும் வரைக்கும் ஒரு தடவைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. நாம் பிக்னிக் போகக் கூப்பிட்டாலும் "அங்க என்னடி இருக்கு, கூரையில்லாத கோயிலும் ரெண்டு சுவரும்" என்று வெற்றிலையை மடித்துக்கொள்ளும். அதற்காக ஓடுகிறேன் என்று நினைக்காதே, செத்தவர்களுக்காக ஓடுகிறேன் என்று சொல்வதெல்லாம் எனக்குக் கூச்சம். கம்பிப்பாட்டில் இன்னும் மணலைத் தோண்டித்தான் குடிதண்ணி எடுக்கிறார்கள். அந்தச் சனம் மழையிலும் வெயிலிலும் இருக்கிற இடத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடுவது ஒரு சாதனை என்று மார்தட்டவும் மாட்டேன். எனக்கு ஓடப் பிடிக்கும், அது நம்ம ஊர், ரோடு இருக்கிறது. இவ்வளவுதான். அப்பாவுக்கு இது போதாது என்று தெரியும். என்றாலும் அவர் வருவார்.

ஊரில் பேனர், மாலை, யூடியூப்காரன் எதுவும் வேண்டாம். கோயில் கமிட்டியில் உன் கூட்டாளி இருக்கிறானே, அவன் வாயில் விழுந்தால் அடுத்த நாள் ராமநாதபுரம் வரைக்கும் போய்விடும். முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். செக்போஸ்ட்டில் மட்டும் நீயும் அப்பாவும் ஒருநாள் போய், இன்ன தேதியில் அக்கா ஓடி வருவாள், கூட நாங்கள் இருப்போம் என்று நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். ராத்திரியில் ஒரு பொண்ணு ஓடினால் துரத்துகிறார்களா, தப்பித்துப் போகிறாளா என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

இந்த வாரம் உன்னால் ஆகவேண்டியது ஒன்றுதான். பைக் மீட்டரைக் குறித்துக்கொண்டு மண்டபம் முனையிலிருந்து அசோகர் தூண் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார். உன் மீட்டர் பொய் சொல்லும் என்று தெரியும், அதனால் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுக்கொள். பர்வதத்துக்குப் போய்வருகிற தூரத்தைத் தனியாக எழுதி வை, வீட்டு முனையையும் செக்போஸ்ட்டையும் எத்தனையாவது கிலோமீட்டர் என்று குறி. மொத்தத்தில் இருநூறு, முந்நூறு மீட்டர் குறைந்தால் கவலைப்படாதே, தூணை எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்று இங்கே நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். கூடிவிட்டால் மட்டும் உடனே போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா